சித்பூர் சாலையில் கேமராவோடு

கொல்கத்தாவைப் படமெடுக்கப் போகிறவர்கள் ஊர் முழுக்க அலைய வேண்டியதில்லை. லால்பஜார் போலீஸ் தலைமையகத்தருகே தொடங்கி, வடக்கே பாக்பஜார் வரை போகும் ஒரே ஒரு சாலை போதும். முனிசிபல் பலகையில் அதன் பெயர் ரவீந்திர சரணி. ஊரார் வாயில் இன்றும் அது சித்பூர் ரோடுதான். நாலு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். கைவீசி நடந்தால் ஒரு மணி நேரத்து வழி. அந்த வழியிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் சீனர்கள், யூதர்கள், ஆர்மீனியர்கள், கட்ச் பகுதியிலிருந்து வந்த மேமன்கள், மார்வாடிகள், பீகாரிகள், வங்காளிகள் என்று ஒவ்வொரு கூட்டமும் தன் தன் கடவுளோடும் சமையலோடும் குடியேறியிருக்கிறது. கேமராவோடு போனால் ஒரு மணி நேரத்தில் இருநூறு அடி தாண்டுவதே பெரிய விஷயம்.

கொல்கத்தாவின் மிகப் பழைய சாலை இதுதான் என்பார்கள். ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே காளிகாட்டுக்குப் போகும் யாத்ரீகர்கள் நடந்த தடம் அது. கேமரா பிறப்பதற்கு முன்பே இதைப் படமாக்க ஆள் வந்துவிட்டது. தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர் வரைந்த சித்பூர் சாலைக் காட்சி 1797-இல் அச்சாகி வெளிவந்தது. 1856-இல் இங்கே வங்காளப் புகைப்படச் சங்கம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் வந்த போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோ, 1991 தீ விபத்தில் பழைய நெகட்டிவ்களைப் பெருமளவில் இழந்தும் தாக்குப்பிடித்து, 2016-இல்தான் கதவைச் சாத்தியது. இந்த ஊர் கேமராவுக்குப் புதிதல்ல. இங்கே சின்னப் பையனுக்கும் எந்தப் பக்கம் வெளிச்சம் விழும் என்று தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால் கிழக்கே இருக்கும் கொல்கத்தாவில் எல்லாமே சீக்கிரம். நான் போனது துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில். காலை ஐந்தரைக்கு விடிந்துவிடும். மாலை ஐந்தரைக்கே கடைகளில் பல்பு எரியும். டிசம்பரில் போனால் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடுவான். சென்னைக் கணக்கில் மதிய சாப்பாடு, சின்னத் தூக்கம், பிறகு படம் என்று கிளம்பினால் இருட்டைத்தான் எடுக்க முடியும். சந்துகள் இரண்டு ஆள் அகலம். இருபக்கமும் மூன்று மாடி. வெயில் உள்ளே இறங்குவது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு நிற்பதுதான் இங்கே பாதி வேலை. லென்ஸ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. 35 எம்எம் ஒன்றைத்தான் எடுத்துப் போனேன். தூரத்திலிருந்து இழுத்துப் பிடிக்கும் லென்ஸ் ஆட்களை அவர்கள் தெருவிலிருந்து பிய்த்தெடுத்துவிடும். 35 எம்எம் இருந்தால் கிட்டே போய்த்தான் ஆகவேண்டும். கிட்டே போனால் பேசித்தான் ஆகவேண்டும்.

முதல் நிறுத்தம் டிரெட்டா பஜார். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்து சேர்ந்த டிரெட்டா என்ற இத்தாலியரின் பெயரில் இருக்கும் சந்தை, இன்று சீனர்களின் காலை உணவுக்காகப் பேசப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மேசைகள் தெருவுக்கு வந்துவிடும். அலுமினியப் பாத்திரங்களில் மீன் உருண்டை சூப், ஆவியில் வெந்த பன்றி இறைச்சி பன், மோமோ, சீன சாஸேஜ். எட்டு, எட்டரைக்கெல்லாம் பாத்திரம் காலி. சூப் ஊற்றிக்கொண்டிருந்த பாட்டியைச் சுற்றிப் பத்து செல்போன்களும் நாலு கேமராக்களும் நின்றன. அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கேமராவைத் தோளில் தொங்கவிட்டுவிட்டு ஒரு கிண்ணம் சூப் வாங்கினேன். குடித்து முடித்தபின் இந்தியில் கேட்டேன், “ஒரு படம் எடுக்கலாமா, மாஸி?” “இன்னொரு கிண்ணம் குடி. பாத்திரம் காலியாகிடும். நான் எங்கே போகப்போறேன்?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது கிண்ணத்தோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தபோதுதான் அந்த இடம் கண்ணுக்குப் பிடிபட்டது. பாட்டியின் வாடிக்கையாளர்களில் சீனர்கள் குறைவு. கக்கத்தில் வங்காளப் பத்திரிகையோடு வந்த ஓய்வுபெற்ற பாபுக்கள்தான் அதிகம். அவருக்கு எதிரே ஒரு பீகார்க்காரர் கச்சோரி பொரித்துக்கொண்டிருந்தார். பாட்டி கடையில் சில்லறை தீர்ந்தபோது கச்சோரிக்காரர் எழுந்து வந்து கொடுத்தார். கணக்கெழுதும் பழக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. சுருக்கம் விழுந்த சீன முகம் எல்லோருடைய கேமராவிலும் இருக்கிறது. சில்லறை கைமாறும் அந்த நொடிதான் டிரெட்டா பஜார். அதற்காகத்தான் அரை மணி நேரம் காத்திருந்தேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அச்சு என்ற சீன வணிகர் ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை வைத்ததிலிருந்து கொல்கத்தாச் சீனர்களின் கதை தொடங்குகிறது. அவர் பெயரால் அந்த ஊரே அச்சிப்பூர் ஆயிற்று. பின்னால் வந்தவர்கள் தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், பல் வைத்தியர்கள், தோல் பதனிடுபவர்கள். 1962 இந்திய-சீனப் போரின்போது ஆயிரக்கணக்கான சீன வம்சாவளியினரைப் பிடித்து ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். விடுதலையான பலர் கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். இங்குள்ள முதியவர்கள் சிலர் கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு வெட்கம் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஊரின் கிழக்கே, தோல் பதனிடும் தொழிலால் பெயர்பெற்ற டாங்ராவில் சீனர்கள் கட்டிய காளி கோயில் ஒன்று உண்டு. அங்கே பிரசாதமாக நூடுல்ஸ் தருவார்கள்.

டிரெட்டா பஜாரிலிருந்து மேற்கே சில நிமிடம் நடந்தால் மாகென் டேவிட் சினகாக். செங்கல் சிவப்பில் கூர்கோபுரத்தோடு 1884-இல் கட்டியது. முதல் பார்வைக்கு மாதா கோயில் என்றே தோன்றும். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கத் தரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். பத்து மணி வெயிலில் தரையெல்லாம் நிறம் சிந்திக் கிடக்கும். படமெடுக்க முன்கூட்டி அனுமதி வாங்குவது நல்லது. சிரியாவின் அலெப்போவிலிருந்து 1798-இல் வந்த ஷாலோம் கோஹெனோடு தொடங்கிய யூதர் குடியிருப்பு, இரண்டாம் உலகப் போர் காலத்தில் சில ஆயிரம் பேராக வளர்ந்தது. இன்று எஞ்சியிருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொழுகைக்குப் பத்து ஆண்கள் சேர வேண்டும் என்பது அவர்கள் விதி. அதுகூடச் சேர்வதில்லை. சினகாக்கை விளக்கித் துடைத்து, விருந்தினருக்குத் தலையில் வைக்கக் குல்லாய் எடுத்துக் கொடுப்பவர்கள் ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தினர். அப்பா, தாத்தா காலத்திலிருந்து அவர்கள் வேலை அது. நகரின் யூதப் பெண்கள் பள்ளியில் இன்று படிக்கும் மாணவிகளிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள்தான். நான் எடுத்த படத்தில் ஜன்னலின் நீல வெளிச்சம் ஒரு வெள்ளைத் தாடியில் விழுகிறது. அவர் கையில் துடைப்பம். படத்தைப் பார்க்கும் யாரும் அவரை யூதர் என்றே நினைப்பார்கள். கீழே இரண்டு வரி எழுதாவிட்டால் அந்தப் படம் பொய் சொல்லும்.

பக்கத்துச் சந்தில் ஆர்மீனியர்களின் நாசரேத் தேவாலயம். 1724-இல் கட்டிய இதுதான் கொல்கத்தாவின் மிகப் பழைய கிறிஸ்தவக் கோயில். வெளியே பெரிய பஜாரின் மூட்டைத் தூக்கிகள் “கபர்தார்!” என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். வாசலைத் தாண்டினால் கல்லறைக் கற்கள் பாவிய முற்றம். ஆர்மீனிய எழுத்துகளை மிதிக்காமல் நடக்க முடியாது. உள்ளே நின்று வாசல் வழியாகத் தெருவை எடுப்பதே இங்கு சரியான கோணம் என்று எனக்குப் பட்டது. கல்லறையும் மூட்டையும் ஒரே சட்டத்துக்குள் வரும்.

மறுபடி சித்பூர் சாலைக்குத் திரும்பி வடக்கே போனால் நாகோதா மசூதி. கட்ச் மேமன்கள் 1926-இல் அடிக்கல் நாட்டி, சிக்கந்தராவில் இருக்கும் அக்பரின் சமாதியை மாதிரியாக வைத்துக் கட்டியது. எதிரே அத்தர் கடைகள், குல்லாய்க் கடைகள், சேமியா மலைகள். ரம்ஜான் மாதத்து மாலைகளில் ஜகரியா தெருவுக்குள் நுழைந்தால் ஊரின் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். ஹலீமுக்கும் கபாபுக்கும் வரிசையில் நிற்பவர்களில் நெற்றியில் குங்குமம் வைத்த பெண்களும் உண்டு. மகாத்மா காந்தி சாலைச் சந்திப்பை ஒட்டிக் கல்யாண பேண்டு வாத்தியக் கடைகள். பெயர்ப்பலகைகளில் முஸ்லிம் பெயர்கள். வாசிப்பது பெரும்பாலும் இந்துக் கல்யாண ஊர்வலங்களில். பித்தளை டியூபா ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞர், அதன் வாய்க்குள் தெரு முழுக்கத் தலைகீழாகத் தெரிவதைத் தானே எனக்குக் காட்டினார்.

ஜொராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடு. அருங்காட்சியகத்துக்குள் கேமராவுக்கு இடமில்லை. அதற்கு அப்பால் ஜாத்ரா கம்பெனிகள். நம் ஊர் நாடக சபாக்களைப்போல் கிராமம் கிராமமாகப் போகும் கூட்டம். ரத யாத்திரையன்று புது ஆண்டுக் கணக்கு தொடங்கும். சின்னச் சின்ன அறைகள், சுவர் முழுக்க ரத்தச் சிவப்பில் போஸ்டர்கள், நடுவே டெலிபோனும் பேரேடுமாக ஒரு மேனேஜர்.

பிறகு குமார்துலி. என் பயணத்தில் பாதி நேரம் இங்கேதான் போயிற்று. துர்கை இங்கே பிறக்கிறாள். முதலில் மூங்கில் சட்டம். அதன்மேல் வைக்கோலைத் திரித்து, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பும் கைகளும் செய்வார்கள். தலையில்லாத பத்துக் கை வைக்கோல் பொம்மைகள் சந்தின் இருபுறமும் சாய்ந்து நிற்கும். அடுத்து உமி கலந்த களிமண் பூச்சு. காய்ந்து வெடித்தால், சேற்றுக் குழம்பில் நனைத்த துணிக் கீற்றுகளை வெடிப்பின்மேல் ஒட்டுவார்கள். தலையை அச்சில் வார்த்துத் தனியாகப் பொருத்துவார்கள். விரல்களும் தனிதான். பிறகு வெள்ளைப் பூச்சு, புளியங்கொட்டைப் பசை கலந்த நிறம். மழை விடாவிட்டால் ஊதுவிளக்கு நெருப்பைக் காட்டிக் காயவைப்பார்கள். கண் திறப்பது கடைசியில். சம்பிரதாயப்படி மகாளய அமாவாசையன்று.

கூரைக்கு நீல பிளாஸ்டிக் தார்ப்பாய். அதன் வழியாக இறங்கும் வெளிச்சம் களிமண் முகத்தை நோய்வாய்ப்பட்டதுபோல் காட்டும். எல்லோரும் இதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றித் தப்பித்துக்கொள்கிறார்கள். ரகுபீர் சிங் அப்படித் தப்பிக்கவில்லை. 1988-இல் கொல்கத்தாவைப் பற்றி முழுப் புத்தகமே வண்ணத்தில் போட்டவர் அவர். இந்தியாவைக் கறுப்பு-வெள்ளையில் பார்ப்பது வெளியாள் பார்வை என்பது அவர் வாதம். ஒரு முகத்தைத் தனியே பிரித்தெடுக்காமல், கார்க் கதவு, கண்ணாடி, கூட்டம், போஸ்டர் எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் மோதவிட்டவர். அவர் படங்களை நினைத்துக்கொண்டு நீலத்தை நீலமாகவே விட்டேன்.

குமார்துலியில் படமெடுக்கச் சிற்பிகள் சங்கம் கட்டணச் சீட்டு தருகிறது. சிலர் இதற்கு முணுமுணுக்கிறார்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை. பூஜை நெருங்கும்போது ஒரு சந்தில் பத்துச் சிற்பிகள், முப்பது கேமராக்கள். காயாத விரல் ஒன்றை யாருடைய பையாவது தட்டிவிட்டால் அரை நாள் வேலை போச்சு. நான் நின்ற பட்டறையில் ஒருவர் எருமை அசுரனின் மார்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். மாடல் அழகி ஒருத்தியைத் துர்கைபோல் உடுத்தி அழைத்து வந்த குழு, “தாதா, கொஞ்சம் நகருங்கள்” என்றது. பிரஷ்ஷை வாயில் கவ்வியபடி அவர் நகர்ந்தார். அவர் போன பிறகு அந்தக் குழுவும், அவர்களுக்குப் பின்னால் நான்கு கேமராக்களும் அவர் உட்கார்ந்த இடத்திலேயே நின்றன. திரும்பி வந்தவர் என்னிடம் சொன்னார், “வருஷா வருஷம் என் கையைப் படம் பிடிக்கிறார்கள். போட்டியில் பரிசு வாங்குகிறார்கள் என்று கேள்வி. ஒரு படம்கூட நான் பார்த்ததில்லை.”

2021-இல் கொல்கத்தாவின் துர்கா பூஜை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறாத சங்கதிகள் பட்டறைக்குள் இருக்கின்றன. அம்மனின் நீண்ட கூந்தல் சணலில் செய்தது. அதை முடைந்து அனுப்புபவர்கள் பெரும்பாலும் ஹவுரா மாவட்டக் கிராமத்து முஸ்லிம் குடும்பங்கள். வெள்ளிபோல் மின்னும் நகைத் தகடு ஒரு காலத்தில் ஜெர்மனியிலிருந்து தபாலில் வந்தது. ஆண்கள் தொழிலாகவே இருந்த இதில் மாலா பால், சீனா பால் போன்ற பெண்கள் சண்டைபோட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். வங்காளியின் அம்மன் என்று நாம் படமெடுக்கும் உருவத்தில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று பார்த்தால் பத்தோடு நிற்காது.

பக்கத்திலேயே சோனாகாச்சி என்ற பாலியல் தொழில் பேட்டை. கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட வேண்டிய இடம். அங்குள்ள பிள்ளைகளின் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் படமெடுக்கச் சொன்னதைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று ஆஸ்கர் விருதுகூட வாங்கியது. அந்தப் படத்தைப் பற்றியும் ஊரில் இரண்டு கருத்து உண்டு. வழிப்போக்கனுக்கு அங்கே கருத்தும் தேவையில்லை, கேமராவும் தேவையில்லை.

ஷோபாபஜாரில் மெட்ரோ ஏறித் தெற்கே காளிகாட்டில் இறங்கினால் லேக் மார்க்கெட். 1984-இல் ஓடத் தொடங்கிய இந்தியாவின் முதல் மெட்ரோ நம்மை நம் ஊருக்கே கொண்டுவந்து விட்டதுபோல் இருக்கும். வாழை இலைக் கட்டு, முருங்கைக்காய், கட்டிய பூ, அப்போதே அரைத்த காப்பித்தூள் வாசனை. தமிழர்கள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் பகுதி. அங்கே ஒரு சின்ன ஹோட்டலில், வங்காள இளைஞர்கள் சிலர் கேமராக்களோடு படமெடுக்க வந்திருந்தார்கள். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவரிடம், டபராவுக்கும் டம்ளருக்குமாகக் காப்பியை இன்னும் உயரத் தூக்கி ஆற்றும்படி ஒரு பெண் கேட்டாள். அவர் சுத்தமான வங்காளத்தில் பதில் சொன்னார். அவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

“என்ன சொன்னீங்க, சார்?” என்று கேட்டேன்.

“நாலு தரம் ஆத்தியாச்சும்மா, இனிமே ஆத்தினா ஐஸ்க்ரீம்தான்னேன்” என்றார். பிறந்ததே இந்த ஊரில். சர்வீஸ் முழுக்க இங்கேதான். “மெட்ராஸ்ல பொண்ணு வீட்டுக்குப் போனா பத்து நாளுக்கு மேல தாங்காது. மோகன் பகான் மேட்ச்சு பத்திப் பேச அங்க ஒரு ஆள் கிடையாது பாருங்க.”

காப்பியை முடித்துவிட்டு அவர் நேராக மீன்காரரிடம் போனார். வாங்குவதற்கல்ல. அவர் சைவம். கால்பந்தில் மீன்காரர் எதிரணியான ஈஸ்ட் பெங்கால் கட்சி. நெற்றியில் விபூதியோடு இவரும், அரிவாள்மனைக்குப் பின்னால் சம்மணமிட்டு அவரும் போட்ட சண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பெண்ணின் கேமராவில் தென்னிந்தியக் காப்பி இருக்கிறது. லேக் மார்க்கெட் தமிழர் அதில் இல்லை.

பெருநகரங்களைப் படமெடுப்பவர்கள் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு சாம்பிள் தேடுகிறார்கள். சீனர் தெருவுக்கு ஒரு சுருக்க முகம், மசூதித் தெருவுக்கு ஒரு குல்லாய், குமார்துலிக்குச் சேறு பூசிய ஒரு கை. அப்படி எடுத்த படங்களை வரிசையாக அடுக்கினால் மியூசியம் கிடைக்கும், ஊர் கிடைக்காது. ஒருவர் தெய்வத்துக்கு இன்னொருவர் முடி பின்னுவதும், ஒருவர் கோயிலை இன்னொருவர் கூட்டுவதும், ஒருவர் கல்லாவுக்கு இன்னொருவர் சில்லறை தருவதும்தான் கொல்கத்தா. அந்த இணைப்புகள் முச்சந்திகளில், வாசற்படிகளில், கடைக்கும் கடைக்கும் நடுவில் இருக்கின்றன. அங்கே போய் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும்.

சீக்கிரம் போவதும் நல்லது. 1873-இல் குதிரை இழுத்து ஓடத் தொடங்கிய டிராம் ஏறத்தாழ விடைபெற்றுவிட்டது. மஞ்சள் அம்பாசடர் டாக்ஸிகள் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஓடக் கூடாது என்ற விதியால் ஒவ்வொன்றாகத் தெருவை விட்டுப் போகின்றன. டிரெட்டா பஜார் பாட்டிகளின் பிள்ளைகள் டொராண்டோவில் இருக்கிறார்கள்.

போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேட்டு எடுங்கள்; வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எடுங்கள்; குமார்துலியில் சீட்டு வாங்கிக்கொண்டு எடுங்கள். ஊர் திரும்பியதும் ஒரு படத்தையாவது காகிதத்தில் பிரிண்ட் போட்டு, அதில் இருப்பவருக்குத் தபாலில் அனுப்புங்கள். ஒரு பிரிண்டுக்கும் ஸ்டாம்புக்கும் இரண்டு டீக் காசுதான் ஆகும். வருஷா வருஷம் தன் கையைக் கொடுத்த அந்தச் சிற்பிக்கு நான் மூன்று படங்கள் அனுப்பிவிட்டேன்.